ஹாலில் பேஸ் முழங்குது, ஈக்யூ போட்டும் அடங்கல: எங்கே தப்பு?

#1 மாரத்தஹள்ளி_வாசி

வாடகை ஃப்ளாட், மூணாவது மாடி. ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் பிளாக் சுவர், மேல ஆர்சிசி தளம், கீழ விட்ரிஃபைட் டைல்ஸ், வலது பக்கம் பால்கனிக்குப் போற ஸ்லைடிங் கண்ணாடி. டவர் ஸ்பீக்கர் ஜோடி, ஒவ்வொண்ணுலயும் 6.5 அங்குல வூஃபர் ரெண்டு, போர்ட் பின்பக்கம். 11 அடிச் சுவர் பக்கம் நிக்குது, சுவருக்கும் ஸ்பீக்கர் முதுகுக்கும் 20 செ.மீ. இடைவெளி. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கு. விண்டோஸ் லேப்டாப், டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்கா மாத்துற பெட்டி), ஸ்டீரியோ ஆம்ப்.

பேஸ் கிட்டார்ல ஒரு சில ஸ்வரம் மட்டும் குடத்துக்குள்ள வாசிக்கிற மாதிரி முழங்குது. மிருதங்கத்துல தொப்பி (பேஸ் பக்கம்) விழுந்தா அந்த 'தோம்' அடுத்த அடி வர்ற வரைக்கும் ஹால்லயே நிக்குது. ஆம்ப்ல பேஸ் குமிழைக் குறைச்சேன். 10 பேண்ட் கிராஃபிக் ஈக்யூல (அதிர்வெண்ணுக்கு ஒரு குமிழா ஏத்தி இறக்குற ஈக்வலைசர்) 31, 62 ஹெர்ட்ஸ் ரெண்டையும் 6 டெசிபல் இறக்கினேன். பாட்டு சப்புனு ஆச்சு, முழக்கம் மட்டும் அப்படியே இருக்கு. ஸ்பீக்கரை மாத்தணுமா?

#2 அல்சூர்_அளவுகோல்

மாத்த வேண்டாம். இதே அறையில எந்த டவர் வச்சாலும் இதே இடத்துலதான் முழங்கும்.

எதிரெதிர் சுவர்களுக்கு நடுவுல ஒலி போய்ப் போய் வர்றதால சில அதிர்வெண்கள் மட்டும் நின்னு வளரும், இதைத்தான் அறையோட மோடுன்னு சொல்வாங்க. முதல் அதிர்வெண் கண்டுபிடிக்க 343ஐ நீளத்தோட ரெண்டு மடங்கால வகுங்க. 14 அடி 4.27 மீட்டர், அதனால 40 ஹெர்ட்ஸ். 11 அடி அகலத்துக்கு 51. 10 அடி உயரத்துக்கு 56. அதுக்கு மேல இதோட இரட்டைகள்: 80, 102, 112. ஜிப்சம் போர்டு சுவர் வச்ச வெளிநாட்டு வீடுகள்ல பேஸ் கொஞ்சம் சுவர் வழியா வெளிய போயிடும், சுவரும் ஆடி கொஞ்சம் உறிஞ்சும். நம்ம ஊர் பிளாக் சுவரும் கான்கிரீட் தளமும் கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடும். அதனாலதான் உங்க 'தோம்' நிக்குது.

கிராஃபிக் ஈக்யூ ஏன் தோத்துச்சுன்னு இப்ப தெரியும். உங்க கோளாறு 40 பக்கத்துல. அந்தப் பெட்டியில 31க்கும் 62க்கும் நடுவுல குமிழே கிடையாது. ஒவ்வொரு குமிழும் ஒரு ஆக்டேவ் அகலத்துக்கு வெட்டும். அதனால ட்ரம்மோட 60, 70 எல்லாம் சேர்ந்து போச்சு, 40 ஹெர்ட்ஸ் மட்டும் மத்ததைவிட உசரத்துலேயே நிக்குது. உங்களுக்கு வேண்டியது பாராமெட்ரிக் ஈக்யூ. எந்த அதிர்வெண், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்னு மூணையும் நாமே சொல்லலாம்.

#3 தொப்பிநாதம்

மைக் வாங்கறதுக்கு முன்னாடி காதாலயே ஒரு தடவை பார்த்துடுங்க. நாலு தந்தி பேஸ் கிட்டாரோட தடிச்ச தந்தியை வெறுமனே மீட்டினா 41.2 ஹெர்ட்ஸ். உங்க அறை நீளத்தோட 40 மேலயே அது உக்காருது. அடுத்த தந்தி 55, அது உயரத்துக்கான 56கிட்ட. 'ஒரு சில ஸ்வரம்'னு நீங்க எழுதினது இந்த ரெண்டாத்தான் இருக்கும்.

ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்ல 30ல ஆரம்பிச்சு 120 வரைக்கும் ஒவ்வொரு ஹெர்ட்ஸா ஏத்துங்க. சத்தம் பேச்சு அளவுக்கு மேல வேண்டாம், தொடர்ச்சியான சைன் அலை வூஃபர் காயிலைச் சூடாக்கும். எங்க திடீர்னு வீங்குதோ அந்த எண்ணை எழுதி வச்சுக்கிட்டு, டோனை நிறுத்தாம சோபாவிலிருந்து ஹால் நடுவுக்கு நடங்க. 40ல இருந்தா நடு ஹால்ல சத்தம் கிட்டத்தட்ட காணாம போகும், திரும்ப சுவர்கிட்ட வந்தா மேல வந்து மோதும். அதைக் கேட்டுட்டா ஸ்பீக்கர் மேல பழி போட மனசு வராது.

#4 மாரத்தஹள்ளி_வாசி

நடந்து பார்த்தேன். 41ல அப்படியேதான். நடு ஹால்ல ஒண்ணுமே இல்ல, சோபாகிட்ட காது அடைக்குது. 80லயும் சோபாகிட்ட வீங்குது. மைக்குக்கு போனே போதுமா?

#5 அல்சூர்_அளவுகோல்

போன் மைக்குல பேச்சுக்காக கீழ் அதிர்வெண்ணை வெட்டுற வடிகட்டி இருக்கும், தானா ஏத்தி இறக்குற வேலையும் நடக்கும். 41ல எவ்வளவு உசரம்னு அதை நம்பி ஃபில்டர் (ஈக்யூ வெட்டு) போடக்கூடாது. மினிடிஎஸ்பியோட யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக் வாங்குங்க. ஒவ்வொரு மைக்குக்கும் சீரியல் நம்பரை வச்சு அதுக்கான திருத்தக் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கிக்கலாம். மென்பொருள் ரூம் ஈக்யூ விசார்ட், இலவசம். மைக்கைக் கையில பிடிக்காதீங்க, சோபா முதுகு மேலயும் வைக்காதீங்க. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல சாதாரண மைக் ஸ்டாண்ட் கிடைக்கும், அது போதும்.

அளக்கிற முறை:

சோபாவுல உக்காந்தா காது எந்த உயரமோ, அங்க மைக். ஃபேன், ஏசி ரெண்டையும் நிறுத்துங்க, ஃப்ரிட்ஜ் ஓடாத நேரமா பாருங்க. ரிங் ரோடு லாரி இரைச்சல்ல நிறைய 100க்குக் கீழதான் இருக்கும், அதனால காலை அஞ்சு மணி நல்ல நேரம். ஸ்வீப் (கீழிருந்து மேல ஏறிக்கிட்டே போற டோன்) 15லிருந்து 400 ஹெர்ட்ஸ், நீளம் 512கே சாம்பிள். நீளத்தை ரெண்டு மடங்காக்கினா இரைச்சலுக்கு மேல 3 டெசிபல் லாபம். அளவு 75 டெசிபல் சுமார். இடது தனியா, வலது தனியா, ரெண்டும் சேர்த்து ஒண்ணு.

அப்புறம் தலை இருக்கிற இடத்தைச் சுத்தி 30 செ.மீ.க்குள்ள இன்னும் அஞ்சு இடத்துல அளந்து சராசரி எடுங்க. எல்லா இடத்திலும் வர்ற பீக்தான் (முகடு) நம்ம வேலை. மைக் நகர்ந்தா தானும் நகர்ற டிப்பை (பள்ளம்) தொடக்கூடாது.

ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு காட்டுற வாட்டர்ஃபால் படத்தையும் பாருங்க. எது உசரம்ங்கறதைவிட எது அடங்க மறுக்குதுங்கறதுதான் காதுல முழக்கமா விழுது.

#6 மாரத்தஹள்ளி_வாசி

அளந்தாச்சு. சராசரிக்கு மேல: 41ல 13 டெசிபல், 57ல 4, 80ல 7, 112ல 5. டிப்: 68ல 13 டெசிபல் பள்ளம், 155ல 8. 41ல ஒலி 60 டெசிபல் இறங்க 0.8 வினாடி ஆகுது, 150க்கு மேல எல்லாம் 0.4 சுமார். 51ல பெரிசா ஒண்ணும் இல்லையே, ஏன்?

மென்பொருளையே ஈக்யூ கணக்குப் போடச் சொன்னேன். 14 ஃபில்டர் கொடுத்துச்சு, அதுல 68ல 9 டெசிபல் ஏத்தம். போட்டு விடலாமா?

#7 அல்சூர்_அளவுகோல்

அந்த 14ஐயும் அழிச்சுடுங்க. முதல்ல சோபா.

51 ஏன் இல்லைன்னா நீங்க அகலத்துக்கு நட்ட நடுவுல உக்காந்திருக்கீங்க. அகல மோடுக்கு அங்க அழுத்தம் பூஜ்யம். ஓர சீட்டுல உக்கார்றவங்களுக்கு 51 முழங்கும். 102 நடுவுல முழங்கணும், ஆனா ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து அகலத்தோட கால் பங்கு தூரத்துல இருந்தா அதைக் கிளப்பவே முடியாது. உங்க அறைக்கு அது 84 செ.மீ. கிராஃப்ல 102 அமைதியா இருக்கறதைப் பார்த்தா ஏற்கனவே அங்கதான் வச்சிருக்கீங்க. நகர்த்தாதீங்க.

இப்ப நீளம். உங்க தலை பின் சுவரிலிருந்து 25 செ.மீ. இருக்கும். சுவர்கிட்ட எல்லா மோடும் உச்சத்துல இருக்கும். சோபாவை இழுத்துத் தலையை 60 செ.மீ.க்குக் கொண்டுவந்தா 80 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 3லிருந்து 4 டெசிபல் இறங்கும். 1.07 மீட்டர், அதாவது நீளத்துல கால் பங்கு இழுக்க முடிஞ்சா 80 கிட்டத்தட்ட மறைஞ்சே போகும். ஆனா 41 அலை நீளமா இருக்கறதால அது 60 செ.மீ.க்கு 1 டெசிபல்கூட முழுசா இறங்காது. அதுக்குத்தான் ஈக்யூ.

ஸ்பீக்கரை முன்னால இழுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. இந்த அறையில அதுல பெரிய லாபம் இல்ல. வூஃபர் இருக்கிற முகப்பு சுவரிலிருந்து 55 செ.மீ.ன்னு வச்சுக்கங்க. ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கிற சுவர்ல பட்டுத் திரும்பற ஒலி, நேரா வர்றதைப் பாதி அலை தாமதமா வந்து அழிக்கும். 343ஐ அந்தத் தூரத்தோட நாலு மடங்கால வகுத்தா 156. உங்க 155 பள்ளம் இதுதான். இன்னும் 40 செ.மீ. இழுத்தா பள்ளம் 90க்கு இறங்கி ட்ரம்மோட உடம்பையே எடுத்துடும். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

68ல 9 டெசிபல் ஏத்தறது: ஏத்தினா ஏறாதுன்னு சிலர் எழுதறாங்க, அது முழுசா சரியில்ல. பள்ளம் அடியோட பூஜ்யமா இல்லாத வரைக்கும் அந்த மைக் இருக்கிற இடத்துல 9 டெசிபல் ஏறத்தான் செய்யும். ஆனா 9 டெசிபலுக்கு எட்டு மடங்கு வாட் வேணும். உச்சத்துல 20 வாட் கேட்ட இடத்துல 160 கேக்கும், வூஃபர் கோன் அந்த அளவுக்கு வெளிய தள்ளும். அரை அடி தள்ளி உக்கார்றவருக்கும், பக்கத்து ரூம்ல படிக்கிற பிள்ளைக்கும் 68 பேயா கத்தும். பள்ளத்தை நகர்த்தத்தான் முடியும், நிரப்பக் கூடாது. சோபா நகரும்போது பாருங்க, 68 பாதி தானா எழும்.

#8 பஞ்சும்_பலகையும்

எல்லாரும் ஈக்யூன்னே பேசறீங்க. அறையோட நோய்க்கு அறைக்குத்தான் மருந்து. ஸ்பீக்கருக்குள்ள போற சிக்னலைக் கெடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

தம்பி, மூலைக்கு மூலை ராக்வூல் நிறுத்துங்க. 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. பலகை ரெண்டு அல்லது மூணு சேர்த்து, மரச் சட்டத்துல காடாத் துணி சுத்தி, மூலையில குறுக்கா. பின்னால காலி இடம் விடணும். சுவர்ல ஆணி அடிக்க வேண்டியதில்ல, வீட்டு ஓனருக்கும் பிரச்சினை இல்ல. வெட்டும்போது கையுறை, முகமூடி கட்டாயம். கடைகள்ல விக்கிற 2 அங்குல ஸ்பாஞ்சு, முட்டை அட்டை ரெண்டுமே பேஸை ஒண்ணும் செய்யாது. ஹை ஃப்ரீக்வன்சியை மட்டும் தின்னுட்டு, பேஸ் இன்னும் தூக்கலா தெரியும்படி பண்ணும்.

#9 அல்சூர்_அளவுகோல்

ஸ்பாஞ்சு பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, அண்ணே. ராக்வூலும் 100க்கு மேல அருமையா வேலை செய்யும், 112க்கு நல்லது. ஆனா 41 ஹெர்ட்ஸ் அலை 8.4 மீட்டர். பஞ்சு நல்லா உறிஞ்சணும்னா காத்து வேகமா ஓடுற இடத்துல இருக்கணும், அது சுவரிலிருந்து கால் அலை தூரம், 2.1 மீட்டர். 11 அடி ஹால்ல 15 செ.மீ. பஞ்சு 41ஐத் தொட்டும் தொடாமலும் விட்டுடும். அந்த அதிர்வெண்ணுக்குன்னே சுருதி பார்த்துச் செஞ்ச பலகைப் பெட்டி வேணும், அதை வாடகை வீட்டுல யாரும் செய்யச் சொல்ல மாட்டேன்.

'சிக்னலைக் கெடுக்கறது'ங்கறதுக்குக் கணக்காவே பதில் சொல்றேன். அறையோட மோடு ஒரு மணி மாதிரி. அதோட க்யூ (எவ்வளவு கூர்மையா, ஒடுக்கமா இருக்குங்கற எண்) கண்டுபிடிக்க, அடங்க ஆகிற நேரத்தை அதிர்வெண்ணால பெருக்கி 2.2ஆல வகுக்கணும். 41 பெருக்கல் 0.8, வகுத்தல் 2.2, சுமார் 15. அதே இடத்துல, பொருத்தமான அகலத்துல வெட்டினா ஃபில்டர் அந்த மணியோட நேர் எதிர் வடிவமா இருக்கும். அப்ப உசரம் மட்டுமில்ல, அடங்கற நேரமும் குறையும். 8 டெசிபல் சரியாப் பொருந்தினா நேரம் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு வரும். அகலம் தப்பினா உசரம் குறையும், இழுவை மிச்சம் இருக்கும். இது 200, 250 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உண்மை. அதுக்கு மேல தலை நாலு அங்குலம் நகர்ந்தாலே கர்வ் மாறிடும், அங்க உங்க பஞ்சுதான் மருந்து.

#10 பஞ்சும்_பலகையும்

அடங்கற நேரமும் குறையும்னு வாட்டர்ஃபால்ல காட்டினா ஒத்துக்கறேன். வெறும் கர்வ் போதாது.

#11 அல்சூர்_அளவுகோல்

மாரத்தஹள்ளிக்காரர் காட்டுவார். சோபாவை நகர்த்திட்டு மறுபடி அளந்தீங்களா?

#12 மாரத்தஹள்ளி_வாசி

தலை இப்ப 60 செ.மீ.ல. 41: 12 டெசிபல். 80: 3. 57: 4. 112: 5. 68 பள்ளம் 13லிருந்து 6ஆ குறைஞ்சிருக்கு.

#13 அல்சூர்_அளவுகோல்

ரெண்டே ஃபில்டர் போதும்.

பேஸைத் தட்டையாக்கக் கூடாது, ஆக்கினா ஸ்பீக்கர் சோர்ந்து போன மாதிரி இருக்கும். 150லிருந்து கீழ மெதுவா ஏறி 40ல 4 டெசிபல் உசரத்துல முடியற கோட்டை இலக்கா வச்சுக்கங்க. அந்தக் கோட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கறதை மட்டும் வெட்டணும். 80ம் 57ம் கோட்டுகிட்டயே இருக்கு, தொடாதீங்க.

முதல் ஃபில்டர்: பீக் வகை, 41 ஹெர்ட்ஸ், -8 டெசிபல், க்யூ 9.
ரெண்டாவது: பீக் வகை, 112 ஹெர்ட்ஸ், -4 டெசிபல், க்யூ 5.

ரெண்டுமே வெட்டுதான், அதனால ப்ரீஆம்பை (ஈக்யூவுல இருக்கிற மொத்த அளவு) குறைக்கத் தேவையில்ல. பின்னாடி எதையாவது 3 டெசிபல் ஏத்தினா ப்ரீஆம்ப் -3 வைங்க, இல்லன்னா டிஜிட்டல்லயே கிளிப் ஆகும். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ (இலவச ஈக்யூ மென்பொருள்) நிறுவும்போது உங்க டாக் பேர்ல டிக் போட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரூம் ஈக்யூ விசார்ட்ல ஈக்வலைசர் வகை 'ஜெனரிக்'னு இருக்கட்டும். ஒரே க்யூ எண் எல்லாக் கருவியிலும் ஒரே அகலம் தராது, குறிப்பா வெட்டும்போது. வேற கருவியோட வகையைத் தேர்ந்தெடுத்துக் கணக்குப் போட்டா அகலம் தப்பிடும்.

#14 மாரத்தஹள்ளி_வாசி

ஃபில்டர் போட்டேன். பிரவுசர்ல பாட்டு கேட்டா வித்தியாசம் தெரியுது, மியூசிக் பிளேயர்ல கேட்டா பழையபடி முழங்குது. அதே பாட்டு, அதே வால்யூம்.

#15 தொப்பிநாதம்

பிளேயர் செட்டிங்ஸ்ல வசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஏசியோ தேர்வாகியிருக்கும். ரெண்டுமே விண்டோஸ் மிக்சரைத் தாண்டி நேரா டாக்குக்குப் போகும், ஈக்வலைசர் ஏபிஓ அந்த வழியில இல்லவே இல்ல. ஷேர்டுக்கு மாத்துங்க. ரூம் ஈக்யூ விசார்ட் ஸ்வீப்பும் ஏசியோ வழியா போனா ஃபில்டர் இல்லாத கர்வ்தான் வரும், அதையும் பாருங்க.

#16 கேஆர்புரம்_ஹோம்தியேட்டர்

நடுவுல ஒரு கேள்வி. எனக்கு ஏவி ரிசீவர், ஒரு சப்வூஃபர், ஆடிசி எக்ஸ்டி32 (ரிசீவரே மைக் வச்சு அறையைத் திருத்துற வசதி). எட்டு இடத்துலயும் மைக் வச்சு ஓட்டினேன். கர்வ் நல்லாத்தான் இருக்கு, ராத்திரி குறைச்ச சத்தத்துல பார்க்கும்போது மட்டும் பேஸ் முழங்குது. கீழ் வீட்டுக்காரங்க வந்து சொல்லிட்டாங்க. சப் தூரம் வேற 3 மீட்டருக்குப் பதிலா 4.6 மீட்டர்னு காட்டுது.

#17 ஏவிஆர்_நேசன்

ஆடிசியோட டைனமிக் ஈக்யூ ஓடுது. வால்யூம் குறைய குறைய நம்ம காதுக்குப் பேஸ் மங்கும், அதை ஈடுகட்ட அது பேஸை ஏத்தும். சினிமா அளவுக்கு மிக்ஸ் பண்ணின ஒலியைத்தான் அது மனசுல வச்சிருக்கு. பாட்டும் டிவி சீரியலும் அதைவிடச் சத்தமா மிக்ஸ் ஆகியிருக்கறதால ஏத்தம் அதிகமாயிடும். ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை சினிமாவுக்கு 0, டிவிக்கு 10, பாட்டுக்கு 15 வச்சுப் பாருங்க. ராத்திரிக்கு நிறுத்தியே விடலாம்.

ரிசீவர்ல சப்வூஃபர் மோடு செட்டிங் 'எல்எஃப்இ + மெயின்'ல (எல்எஃப்இன்னா சினிமாவோட தனி பேஸ் சேனல்) இருந்தா 'எல்எஃப்இ' மட்டும் வைங்க. இல்லன்னா ஒரே பேஸ் டவரிலிருந்தும் சப்பிலிருந்தும் ரெண்டு தடவை வரும். ஸ்பீக்கரை ஸ்மால், கிராஸ்ஓவர் 80 வைங்க, அதுக்குக் கீழ உள்ள பேஸ் சப்புக்குப் போயிடும்.

4.6 மீட்டரைத் திருத்தாதீங்க. சப்புக்குள்ள இருக்கிற வடிகட்டியால வர்ற தாமதத்தையும் சேர்த்துத்தான் அது தூரமாக் காட்டுது. டேப் வச்சு அளந்து 3னு மாத்தினா 80 பக்கத்துல டவரும் சப்பும் ஒண்ணை ஒண்ணு அழிக்கும்.

ரெண்டாவது சப் வாங்க இடமிருந்தா முன் சுவர் நடுவுல ஒண்ணு, பின் சுவர் நடுவுல ஒண்ணு. நீளத்தோட முதல் மோடை ரெண்டும் எதிரெதிரா தள்ளி அடக்கிடும். ஹார்மன் ஆடியோ நிறுவன ஆராய்ச்சியாளர் டாட் வெல்டி பல சப் அமைப்புகளை ஒப்பிட்டுக் காட்டினதுல இதுவும் ஒண்ணு. பெரிய ஒரே சப்பைவிட சின்னதா ரெண்டு பல சீட்டுக்குச் சமமான பேஸ் தரும். சப்புக்குக் கீழ ரப்பர் வச்சா தரை வழியா நேரா இறங்குற அதிர்வு கொஞ்சம் குறையும். காத்து வழியா தளத்தை ஆட்டுற பேஸ் அதால நிக்காது.

#18 மாரத்தஹள்ளி_வாசி

ஷேர்டுக்கு மாத்தினதும் பிளேயர்லயும் சரியாச்சு. மறுபடி அளந்தேன். 41 இப்ப 4 டெசிபல்ல நிக்குது. அடங்கற நேரம் 0.8லிருந்து 0.35. வாட்டர்ஃபால்ல முன்னாடி 41ல நீட்டிக்கிட்டு இருந்த முகடு இப்ப பக்கத்து ஹெர்ட்ஸோடயே சேர்ந்து இறங்குது. தொப்பியில 'தோம்' விழுந்தா தோல் தனியா, காத்து தனியா கேக்குது. பேஸ் குறைஞ்ச மாதிரியே இல்ல.

ஒண்ணு மட்டும் மிச்சம். 50லிருந்து 60க்குள்ள சில பாட்டுல 'கிர்ர்'னு ஒரு அதிர்ச்சி. ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு.

#19 பஞ்சும்_பலகையும்

0.35ன்னா ஒத்துக்கறேன், 41க்கு ஈக்யூதான். 112க்கு ரெண்டு மூலை மட்டும் ராக்வூல் வச்சுப் பாருங்க, அந்த ரெண்டாவது ஃபில்டரை எடுத்துடலாம்.

'கிர்ர்' ஸ்பீக்கர்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. டோனை 50லிருந்து அரை அரை ஹெர்ட்ஸா ஏத்துங்க, சத்தம் வர்ற எண்ணுல நிறுத்திட்டு ஒவ்வொண்ணா கையை வச்சு அழுத்துங்க. இரும்பு பீரோ கதவு, பூஜை அலமாரிக் கண்ணாடி, ஸ்லைடிங் கதவோட சட்டம், பரண் மேல அடுக்கின பாத்திரம், ஸ்விட்ச் போர்டு மூடி. கை வச்சதும் எது நிக்குதோ அதுதான். ஸ்பீக்கர்னா இடது வலது கேபிளை மாத்தினாலும் அதே பெட்டியிலதான் வரும்.

#20 மாரத்தஹள்ளி_வாசி

54.5ல பீரோ. உள் லாக்கர் கதவு. கதவோரத்துல ரெண்டு இடத்துல ஃபெல்ட் பட்டை ஒட்டினேன், நின்னுடுச்சு. ராக்வூலுக்கு இன்சுலேஷன் டீலர்கிட்ட கேட்டிருக்கேன், 48 கிலோ பலகை ஆறு. வந்ததும் 112 மட்டும் மறுபடி அளந்து போடறேன்.